அம்மனுக்கு ஒரே ஒரு படம்

மெர்போக் அருங்காட்சியகத்துக்கு நான் அழைத்துப் போகும் விருந்தினர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த சம்பந்தி வீட்டாரும் சரி, கோலாலம்பூரில் வேலை பார்க்கும் அக்கா பிள்ளைகளும் சரி, படிகளில் ஏறி சண்டி புக்கிட் பத்து பகாட்டின் முன்னால் வந்து மூச்சு வாங்கி நின்றதும் சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள். பிறகு, "சாமி எங்கே?"

நியாயமான கேள்விதான். கருங்கல் அடித்தளம் இருக்கிறது. கருவறைக்கும் மண்டபத்துக்கும் தனித்தனி மேடை இருக்கிறது. மரத்தூண்கள் நின்றதற்கு அடையாளமாகக் குழிவிட்ட கற்கள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்தில் ஓடையின் சத்தம்கூட இருக்கிறது. கருவறையில் மட்டும் யாரும் இல்லை. 1936இலும் 1937இலும் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்தப் பூஜாங் பள்ளத்தாக்கில் வரிசையாகத் தோண்டிப் பார்த்து, கண்டெடுத்த இடங்களுக்கு எண் போட்டுக்கொண்டே போனார். இந்தச் சண்டி அவர் கணக்கில் 8. பிறகு 1959-60இல் அலஸ்டேர் லாம்ப் தலைமையில் கற்களை அடுக்கி எழுப்பினார்கள். அப்போது தளத்தின் அடியிலிருந்து குழிகள் குடைந்த கல் பேழைகள் கிடைத்தன. கோயில் எழுப்பும்போது உலோகமும் மணியும் வைத்து மூடிய பேழைகள். நம் ஊரில் அடிக்கல் நாட்டும்போது நவரத்தினமும் நவதானியமும் போடுகிறோமே, அதே பழக்கம்தான். அதைச் சொன்னால் விருந்தினர் முகம் கொஞ்சம் மலரும். ஆனாலும் சாமி எங்கே என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும்.

கடாரத்துச் சாமான்கள் கடாரத்தில் தங்கியதே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1834இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் லோ, இன்றைய செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டார். புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவன், தன் பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டி, ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் செதுக்க வைத்த கல் அது. இன்று அது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று அவன் வைத்த வேண்டுதல், கல்லுக்குப் பலித்துவிட்டது போலும்.

இதற்கு எதிர்த்திசைக் கதையும் உண்டு. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினான். அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை எழுதிவைத்தான். அப்பா வாயால் சொன்ன கொடையைச் செம்பில் வெட்டிக் கொடுத்தவன் மகன் இராசேந்திரன். 1025இல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தைச் சூறையாடியவனும் அதே இராசேந்திரன்தான். அந்த 21 செப்பேடுகளும், பின்னால் குலோத்துங்கன் காலத்தில் வெட்டிய 3 சிறிய ஏடுகளும் டச்சுக்காரர்கள் கையில் சிக்கி நெதர்லாந்து போய்ச் சேர்ந்தன. லைடன் பல்கலைக்கழகத்தில் நூறாண்டுக்கும் மேலாக இருந்ததால், வரலாற்று நூல்களில் அவற்றுக்கு 'லைடன் செப்பேடுகள்' என்றே பெயர். ஆனைமங்கலத்தின் பெயர் போய் லைடனின் பெயர் ஒட்டிக்கொண்டது. நாகப்பட்டினத்தில் கடைசிவரை எஞ்சி நின்ற பௌத்தக் கோபுரத்தை 1867இல் சேசு சபைப் பாதிரிமார் அனுமதி வாங்கி இடித்தார்கள். அந்த வட்டாரத்து மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகளில் ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்திலும், மற்றவை உலகெங்கும் உள்ள அருங்காட்சியகங்களிலும் தனியார் வீடுகளிலும் இருக்கின்றன.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் 2013 கடைசியில் 11ஆம் எண் சண்டி இடிக்கப்பட்ட செய்தி வந்தது. அது இருந்த இடம் சுங்கை பத்து தோட்டம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானது என்று ஆய்வாளர்கள் சொன்ன கட்டுமானத்தை, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்திய இயந்திரங்கள் தள்ளிவிட்டன. பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டத்தின் டத்தோ வீ. நடராஜன் அதை வெளியே கொண்டுவந்தார். அப்போது பினாங்கின் துணை முதலமைச்சராக இருந்த பேராசிரியர் இராமசாமி குரல் கொடுத்தார். நாளிதழ்கள் எழுதின. கெடா அரசு சொன்ன விளக்கம் இரண்டே வரி: நிலம் தனியாருடையது, அந்தத் தளம் அரசிதழில் மரபுச் சின்னமாக அறிவிக்கப்படவில்லை.

அந்த இரண்டு வரியைப் பல நாள் யோசித்திருக்கிறேன். கோபம் வந்தது உண்மை. ஆனால் யோசிக்க யோசிக்க, அதே இரண்டு வரி கெடாவில் எத்தனையோ தோட்டத்து ஆலயங்களுக்கும் பொருந்துகிறதே என்பதுதான் உறுத்தியது. நிலம் தோட்டத்தாருடையது. தளம் எங்கேயும் பதிவாகவில்லை. 77 வருடங்களுக்கு முன்பே ஓர் ஆங்கிலேயர் எண் போட்டுப் புத்தகத்தில் ஏற்றிய சண்டிக்கே இந்தக் கதி என்றால், எண்ணே இல்லாத நம் மாரியம்மனுக்கு?

எங்கள் தோட்டம் பீடோங் பக்கம். இப்போது அந்தப் பெயரில் தோட்டம் இல்லை, ஒரு தாமானுக்கு மட்டும் அதன் பெயரில் பாதி மிஞ்சியிருக்கிறது. கித்தா மரங்கள் நின்ற காலத்தில் லயத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் கோயில். மூலவர் கல். திருவிழாவுக்கு ஊர்வலம் போக ஒரு பஞ்சலோக அம்மன், இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. தாத்தா காலத்தில் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த காசில் சுவாமிமலையில் வார்க்கச் சொல்லி, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேற்றி, பினாங்கில் இறக்கிக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். கடாரத்து அரசன் விகாரம் கட்டிய அதே துறைமுகத்திலிருந்து, அதே கடல் வழியாக. சோழர் காலச் சிலை இல்லை. வெளிநாட்டு அருங்காட்சியகம் எதுவும் அதைத் தேடி வராது. ஆனால் பால் வெட்டுக்காரன் ஒருவன் அந்தக் காலத்து நாள் சம்பளத்தில் எத்தனை மரம் வெட்டினால் அந்த எடைக்குச் செம்பு வாங்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கித்தா போய் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. சனங்கள் சுங்கை பட்டாணி அடுக்குமாடிகளுக்கும், பிறைத் தொழிற்சாலைகளுக்கும், ஜொகூருக்குமாகச் சிதறினார்கள். கோயிலுக்கு வேறு ஓர் ஓரத்தில் சின்ன நிலம் கிடைத்தது. பாலாலயம் செய்து சாமான்களை எடுத்து வைத்தார்கள். மணி ஒரு வீட்டில், குத்துவிளக்குகள் ஒரு வீட்டில், அம்மன் பழைய ஸ்டோரில். புதிய இடத்தில் கும்பாபிஷேகம் செய்யும் நாள் வந்தபோது மணி வந்தது, விளக்குகள் வந்தன. அம்மன் வரவில்லை.

புகார் கொடுக்கப் போன பெரியவர்களிடம் அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று. படம் இருக்கிறதா?

இல்லை. ஐம்பது வருடம் தினமும் கையெடுத்துக் கும்பிட்டவர்களிடம் ஒரு படம் இல்லை. தேடித் தேடிக் கடைசியில் எங்கள் பெரியம்மாவின் 1974ஆம் ஆண்டுக் கல்யாணப் படம் ஒன்று அகப்பட்டது. கறுப்பு வெள்ளை. மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் அம்மன். ஆனால் முகம் முழுக்கச் சந்தனக் காப்பு, கழுத்திலிருந்து பீடம் வரை பட்டும் மாலையும். அதில் தெரிவது அலங்காரம்தான். அந்தப் பட்டுக்குப் பின்னால் எந்த அம்மனும் இருந்திருக்கலாம்.

இங்கே சைப்ரஸ் தீவுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தீவின் வடகிழக்கு முனையில் லித்ராங்கோமி என்று ஒரு கிராமம். அங்கே கனக்காரியா மாதா கோயில். ஆறாம் நூற்றாண்டில் அதன் கருவறை வளைவில் சின்னச் சின்ன வண்ணக் கல் துண்டுகளையும் கண்ணாடித் துண்டுகளையும் பதித்து, குழந்தை இயேசுவோடு அன்னை மரியாளையும், தேவதூதர்களையும், வட்டங்களுக்குள் திருத்தூதர்களின் முகங்களையும் அமைத்திருந்தார்கள். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பைசாந்தியப் பேரரசு திருவுருவங்களை உடைக்கச் சொல்லி ஆணையிட்ட காலத்தில் இப்படிப்பட்ட வேலைப்பாடுகள் பெரும்பாலும் அழிந்தன. தப்பித்த மிகச் சிலவற்றில் இதுவும் ஒன்று. 1974இல் துருக்கிப் படை வடபகுதிக்குள் நுழைந்தது. கிரேக்க மொழி பேசிய கிராமத்தார் 1976 வாக்கில் ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. ஊரில் ஆளில்லை. கோயிலில் விளக்கில்லை. அடுத்த சில வருடங்களுக்குள் யாரோ சாரம் கட்டி ஏறி, சுவரிலிருந்து படங்களைத் துண்டு துண்டாகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆள் போனதும் சாமி போகிறது. தோட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1988இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்துக் கலைப்பொருள் வியாபாரி பெக் கோல்ட்பர்க், ஜெனிவா விமான நிலையத்தின் வரியில்லாக் கிடங்குப் பகுதியில் நான்கு துண்டுகளைப் பார்த்தார். 1.08 மில்லியன் டாலருக்கு வாங்கினார், பணம் நூறு டாலர் தாள்களாகக் கைமாறியது. பிறகு அவற்றை கெட்டி அருங்காட்சியகத்திடம் 20 மில்லியன் டாலருக்கு விற்கப் பார்த்தார். அங்கிருந்த மேரியன் ட்ரூ சைப்ரஸ் அதிகாரிகளுக்குச் சேதி சொல்லிவிட்டார். சைப்ரஸ் திருச்சபையும் அரசும் வழக்குப் போட்டன. 1989இல் இண்டியானாபொலிஸ் நீதிமன்றம் திருச்சபைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. திருடனிடமிருந்து வாங்கியவருக்கு உரிமை வராது. போர் நடந்த பகுதியிலிருந்து வந்த சரக்கு என்று தெரிந்தும் போதிய விசாரணை செய்யவில்லை என்பதும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. 1991இல் துண்டுகள் நிக்கோசியா திரும்பின. தனியாகத் தொலைந்திருந்த புனித மாற்குவின் முகத்தை மொனாக்கோவில் ஒரு வீட்டிலிருந்து ஆர்தர் பிராண்ட் என்ற டச்சுத் துப்பறிவாளர் மீட்டுக்கொடுத்தது 2018இல்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு புத்தகம். கிராமத்தார் ஊரில் இருந்த காலத்திலேயே மெகாவ், ஹாக்கின்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் அந்தக் கோயிலை அளந்து, படமெடுத்து, ஆராய்ந்திருந்தார்கள். அவர்களுடைய நூல் 1977இல் வெளிவந்தது. திருடர்கள் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த அதே காலம். சுவரில் எந்த இடத்தில் எந்த முகம் இருந்தது என்பது அச்சில் ஏறிவிட்டது. பிறகு அது என்னுடையது என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

நம் பக்கத்துக் கதைகளிலும் இதே பாடத்தைப் பார்க்கலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான். வழிபாடு நின்றுபோன சோழர் காலச் சிவன் கோயில். 2006இல் உள்ளேயிருந்த செப்புத் திருமேனிகள் களவு போயின. பூட்டிய கோயில் என்பதால் 2008 வரை அது வெளியே தெரியவில்லை. பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்று அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் நடராசர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரின் கடை வழியாக ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்விட்டார். விலை ஏறத்தாழ 5 மில்லியன் அமெரிக்க டாலர். அம்பாள் நமக்கு இன்னும் பக்கத்தில், சிங்கப்பூரில் இருந்தாள். ஆசிய நாகரிக அருங்காட்சியகம் 2007இல் 650,000 டாலருக்கு அவளை வாங்கியிருந்தது. ஜொகூர் பாலம் தாண்டிப் போய்ச் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்த நம்மவர்களில் எத்தனை பேர் அவளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ரசித்துவிட்டு வந்திருப்பார்களோ.

சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்த எஸ். விஜய் குமார் என்ற தமிழர், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் நண்பர்களோடு சேர்ந்து பழைய படங்களையும் அருங்காட்சியகப் பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் போய் எடுத்துவைத்த படங்கள்தான் ஆதாரம். மெழுகில் உருவம் செய்து, மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றி, பிறகு மண்ணச்சை உடைக்கிற முறை நம்முடையது. அச்சு உடைந்தபின் இன்னொன்று அதேபோல் வராது. சுடரின் வளைவு, பீடத்து ஓரத்தின் பள்ளம், தேய்ந்த மூக்கு எல்லாம் கைரேகை மாதிரி. படம் மட்டும் இருந்தால் போதும், பொருத்திவிடலாம். நடராசரை 2014இல் ஆஸ்திரேலியப் பிரதமர் நேரில் கொண்டுவந்து ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு சிங்கப்பூர் அம்பாளைத் திருப்பித் தந்தது. 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டிருந்த கபூருக்கு, உடையார்பாளையம் கோயில் வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

இன்னொரு வழக்கு எனக்கு இதைவிடப் பிடிக்கும். பத்தூர் நடராசர் வழக்கு. 1976இல் கூலித் தொழிலாளி ஒருவர் மண் வெட்டும்போது கிடைத்த சிலை கைமாறிக் கைமாறி லண்டன் போனது. 1982இல் கனடாவின் எண்ணெய்க் கம்பெனி ஒன்று அதை வாங்கியது. துப்புரவு செய்யக் கொடுத்த இடத்தில் லண்டன் போலீஸ் கைப்பற்றியது. வழக்கில் உரிமை கோரி நின்றவர்களில் பாழடைந்த பத்தூர்க் கோயிலும் ஒருவர். அந்தக் கோயிலில் எஞ்சியிருந்த சிவலிங்கத்தின் பெயராலும் கோரிக்கை வைக்கப்பட்டது. இந்துச் சட்டப்படி கோயிலும் மூர்த்தியும் சட்டத்துக்கு முன் ஓர் ஆள். இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ஆனாலும் 1988இல் நீதிபதி தீர்ப்பைக் கோயில் பக்கமே வழங்கினார், 1991இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. கூரை இடிந்த கோயில், பூசை இல்லாத லிங்கம், லண்டன் வரை போய் ஜெயித்து வந்தது.

நம் நாட்டில் பல ஆலயங்கள் சங்கப் பதிவிலாகாவில் பதிந்த நிர்வாகக் குழுவின் வழியாகத்தான் சட்டத்தின் முன் நிற்கின்றன. தோட்டம் கலைந்ததும் தலைவர் ஓர் ஊருக்கும் செயலாளர் ஓர் ஊருக்குமாகப் போய்விடுகிறார்கள். ஆண்டுக் கூட்டம் நடக்காது. கணக்கு சமர்ப்பிக்க ஆள் இருக்காது. பதிவு ரத்தாகும். அதற்குப் பிறகு அம்மனுக்காகப் பேச யாருக்கு அதிகாரம்? இடிப்புச் செய்தி வந்ததும் திரண்டு போய்ச் சாலையில் நிற்கத் தெரிந்த நமக்கு, ஒரு பதிவேட்டை முப்பது வருடம் விடாமல் எழுதி வைக்கத் தெரியவில்லை என்பது என் ஆதங்கம். கோபுரத்துக்கு வண்ணம் பூச நன்கொடை சேர்கிறது. இரும்புப் பெட்டி வாங்கச் சேர்வதில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மீட்கப்பட்டவர்கள் எல்லாரும் வீடு திரும்பிவிடவில்லை. பத்தூர் நடராசர் திருவாரூர்ச் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். ஸ்ரீபுரந்தான் நடராசர் கும்பகோணத்து மையத்துக்கு. கனக்காரியாவின் முகங்கள் நிக்கோசியா அருங்காட்சியகத்துச் சுவரில் இருக்கின்றன. லித்ராங்கோமிக் கோயிலின் வளைவு மொட்டையாகவே இருக்கிறது. ஊரும் பூசையும் காவலும் இல்லாத இடத்துக்குத் திருப்பி அனுப்பி என்ன செய்வது என்ற கேள்விக்கு எவரிடமும் நல்ல பதில் இல்லை. பெட்டிக்குள் பூட்டிய சாமிக்கும் கண்ணாடிக்குள் வைத்த சாமிக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவர் கேட்டார். வித்தியாசம் உண்டு என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடிக்குள் இருப்பவரின் விலையை யாரோ தீர்மானித்துவிட்டார்கள்.

சென்ற வருடம் எங்கள் பழைய தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சு எழுந்தது. புதிய கோயிலுக்கு இப்போது வேறொரு அம்மன் இருக்கிறாள், சின்னவள். அவளையாவது முறையாகப் பதிந்து வைப்போம் என்று இளைஞர்கள் சிலர் முன்வந்தார்கள். கலைப்பொருள்களை அடையாளப்படுத்த 1997 முதல் 'ஆப்ஜெக்ட் ஐடி' என்று ஓர் அனைத்துலக முறை இருக்கிறது. முன், பின், பக்கவாட்டுப் படங்கள், உயரம், எடை, எந்த உலோகம், எழுத்து ஏதும் வெட்டியிருக்கிறதா, உடைசல், கீறல், ஒட்டு வேலை எங்கெங்கே. இன்டர்போல் 2021இல் வெளியிட்ட 'ஐடி-ஆர்ட்' செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டால், பொருளை இதே வரிசையில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். காசு இல்லை. ஒரு சனிக்கிழமை காலை வேலை.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. படம் பயன்பட வேண்டுமென்றால் மாலையையும் பட்டையும் எடுத்துவிட்டு எடுக்க வேண்டும். குழுவின் மூத்தவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "அலங்காரம் இல்லாம அம்பாள ஃபோன்ல புடிக்கறதா? அப்புறம் அது எங்கெங்க சுத்தும்னு யாருக்குத் தெரியும்?" அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தாயை அப்படிப் பார்க்கிறவர் அப்படித்தான் பேசுவார். இளைஞர்கள் ஏதோ பழைய பஞ்சாங்கம் என்று அவரை ஓரங்கட்டப் பார்த்தார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் மாதிரி ஆட்கள் இருந்ததால்தான் தோட்டம் போன பிறகும் கோயில் என்ற ஒன்று இருக்கிறது.

மூன்று வாரம் இழுபறி. கடைசியில் குருக்கள்தான் வழி சொன்னார். அபிஷேகத்துக்கு முன் அவரே திரையைப் போட்டு, அவர் மேற்பார்வையிலேயே, கைப்பேசி இல்லாத தனிக் கேமராவில் எடுப்பது. இரண்டே இரண்டு அச்சுப் பிரதி. ஒன்று முத்திரையிட்ட உறையில் பெட்டிக்குள், இன்னொன்று தலைவரிடம். வாட்ஸ்அப்பில் ஏறக் கூடாது. எடை பார்க்கத் தராசு கொண்டுவந்த பையன், குருக்கள் சொன்னபடி அதற்குப் பட்டுத் துணி விரித்துத்தான் வைத்தான். 14 கிலோ 300 கிராம். பின்பக்கம், பீடத்தின் கீழ்விளிம்பில் நகத்தளவுக்கு ஒரு பள்ளம். பல வருடம் தேய்த்துத் துலக்கியவர்களுக்கே அது இருப்பது தெரியாது.

அன்று மாலை சிரம்பானிலிருந்து பெரியம்மா கூப்பிட்டார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, காது மந்தம், ஆனால் ஞாபகம் கூர்மை. பள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம பழைய அம்மாவுக்கு எடது கை சுண்டுவெரலு நுனி மழுங்கியிருக்கும்பா. பொடவ கட்டிவிடறப்ப நூலு அங்கதான் மாட்டும். எங்கம்மா வாய்ல எச்ச வெச்சி நூல நீவி விடுவாங்க. அத எழுதிக்கிட்டியா?" என்றார்.

எழுதிக்கொண்டேன். தேதி போட்டு, அவர் பெயரும் போட்டு, கல்யாணப் படத்தின் பின்னால்.